நர்ஸம்மாவுக்கு ஜுரம் வந்தபோது

அன்றைக்கு நர்ஸம்மா குளிக்காமல் படுத்துவிட்டாள். எனக்கு முதலில் பயம் தட்டியது அதில்தான்.

எங்கே போய்விட்டு வந்தாலும், எந்த நேரத்தில் வந்தாலும், நேரே பின்பக்கம் கிணற்றடிக்குப் போவாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையை அங்கேயே அலசிப் பிழிந்து கொடியில் போட்ட பிறகுதான் தன் அறைக்குள் நுழைவாள். எதற்கெடுத்தாலும் தீட்டுப் பார்க்கிற என் மாமியார்கூட இந்த ஒரு விஷயத்தில் அவளைக் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் மத்தியானம் வந்தாள், கைப்பெட்டியை வாசற்படியில் வைத்தாள், உடுத்திய சேலையோடு பாயில் சாய்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?" என்று கதவருகே போய்க் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. தலவலி. நீ உள்ள வராத," என்றாள்.

சாதாரணமாக அப்படிச் சொல்கிறவள் இல்லை. நான் முழுகாமல், வயிற்றுப் பிள்ளையோடு இருந்தேன். தினமும் சாயங்காலம் என்னை உள்ளே கூப்பிட்டு, வயிற்றில் கை வைத்துப் பார்த்து, ஏதாவது கேலி பேசி அனுப்புவாள். வராதே என்றால் அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆம்பூரில் பெண்களுக்கென்று தனியாக ஒரு டிஸ்பென்சரி திறந்தபோது அங்கே வேலைக்கு வந்தவள் அவள். வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்தவள். குடியாத்தத்தில் தறி நெய்கிற குடும்பம். சின்ன வயசிலேயே புருஷனை இழந்து, வீட்டை எதிர்த்துக்கொண்டு படிக்கப் போனவள். கண்ட ஜாதிக்காரன் ரத்தத்தையும் தொடுகிறாள் என்று பிறந்த வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. இங்கே வந்தபோது யாரும் வீடு கொடுக்கவில்லை. தனியாக இருக்கிறவள், ராத்திரியில் வண்டி கட்டிக்கொண்டு ஆண்கள் வந்து கூப்பிடுகிறார்கள், எந்த வீட்டு நோயைக் கொண்டுவருவாளோ என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் மேஸ்திரி. சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் போட்டு எடுக்கிற ஆட்களை மேய்க்கிற வேலை. ஒரு தரம் அவர் கையே சுண்ணாம்பில் வெந்துவிட்டது. பெண்கள் டிஸ்பென்சரி என்று பாராமல் போய் நின்றிருக்கிறார். அவள் கட்டுப்போட்டு அனுப்பினாள். தினமும் வரச்சொல்லிக் கட்டு மாற்றினாள். அந்தக் கை ஆறியபிறகு, எங்கள் வீட்டின் பின்பக்கத்து அறையை அவளுக்கு விடலாம் என்று அவர்தான் பேச்சை எடுத்தார். அத்தை இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தார். பிறகு, அறைக்குப் பின்பக்கமாகத் தனி வழி இருக்கிறதே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எனக்கு அவள் வந்தது வேறு விதத்தில் தைரியம். என் முதல் பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்து, வழக்கமாகப் பார்க்கிற கிழவி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்து, கடைசியில் குழந்தை தங்கவில்லை. நான் பிழைத்ததே பெரிசு என்றார்கள். மறுபடி நாள் தள்ளிப்போனபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை. சோறு இறங்கவில்லை. நர்ஸம்மாதான் ஒரு நாள் என் கையைப் பிடித்து, "இந்தத் தடவ நான் இருக்கேன். நீ பயப்படாத," என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஜுரம் இறங்கவில்லை. தினமும் கொஞ்சம் ஏறியது. டிஸ்பென்சரி டாக்டர் வந்து பார்த்தார். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"டைபாய்டு. விஷ ஜுரம்னு நீங்க சொல்றதுதான்."

"வேலூருக்குக் கூட்டிட்டுப் போய்டலாமா சார்?"

"வண்டியில குலுங்கக் கூடாது. குடல் புண்ணா இருக்கும். இங்கேயே இருக்கட்டும்."

"மருந்து?"

டாக்டர் பெட்டியை மூடினார். "மருந்துன்னு இதுக்கு இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கல. பக்கத்துல இருந்து பாத்துக்கிறதுதான் மருந்து. யார் பாத்துக்குவீங்க?" என்று கேட்டார்.

ஊரில் எத்தனையோ வீடுகளில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு வந்தால் யார் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

டிஸ்பென்சரியில் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் ஒரு நாள் வந்தாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொண்டால் என்ன செய்வேன் என்று மறுநாள் நின்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அன்று காலை வெகுநேரம் அறைக்குள் யாரும் போகவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று முனகல் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடி போற?"

"தண்ணி குடுக்க ஆளில்ல அத்த."

"வயித்துல ஒண்ண வெச்சிக்கினு உள்ள போறியா? படி தாண்டின, கால ஒடச்சிடுவேன்."

சொம்பைப் பிடுங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே உள்ளே போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, "அவளுக்காக ஒண்ணும் போகல. இவ போய்ட்டா உன் பிரசவத்துக்கு நான் யாரத் தேடுவேன்?" என்றார்.

அந்த நேரத்தில் அதுதான் உண்மை என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்குமே அதுதான் உண்மை. எனக்கும் நர்ஸம்மாவுக்காக எவ்வளவு பயம், எனக்காக எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

நர்ஸம்மாவுக்கு அப்போது நினைவு நன்றாக இருந்தது. படுத்தபடியே அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். தண்ணீர் கொதித்து ஆறினதுதான். அவளுடைய டம்ளர், கிண்ணம் எல்லாம் தனி. ஜுரம் ஏறும்போது ஈரத்துணியால் முதலில் கை, பிறகு கால், பிறகு முதுகு என்று துடைக்க வேண்டும். வெளியே வரும்போதெல்லாம் கார்பாலிக் மருந்து கலந்த தண்ணீரில் கை கழுவ வேண்டும். மலத்தின்மேல் சுண்ணாம்பைக் கொட்டி வைத்திருந்து, கிணற்றுக்கு எட்டத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். சுண்ணாம்புக்கா எங்களுக்குப் பஞ்சம்? என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பிலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்தார்.

கடைசியாக ஒன்று சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"இனிமே நான் சோறு கேப்பேன். அழுவேன். திட்டுவேன். குடுக்கக் கூடாது. ஒரு பருக்க கூட. பார்லித் தண்ணி, மோரு, வடிகட்டின கஞ்சி, அவ்வளவுதான். ஜொரம் நின்னாலும் டாக்டர் சொல்ற வரைக்கும் அதேதான். குடல்ல ஓட்ட விழுந்துட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி," என்றார் அத்தை.

"எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

அத்தை அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதற்கு முன் அவர் அவளை விரலால்கூடத் தொட்டதில்லை.

பிறகு நினைவு தப்பியது. அந்த நாட்களைத்தான் இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை. நான் கிணற்றடியில் மூன்று கல் வைத்து, வெந்நீர்த் தவலைக்குக் கீழே விறகைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து அவள் குரல் வரும். எங்களைக் கூப்பிட மாட்டாள். யார் யாருடைய பிரசவத்திலோ இருப்பாள்.

"முக்கும்மா. இன்னும் ஒரு தரம். இதோ தல தெரியுது. உடாத, உடாத. விளக்க இப்படிக் காட்டுங்க, யாராவது விளக்கக் காட்டுங்க."

பட்டப்பகலில் விளக்கைக் கேட்டுக் கத்துவாள். சில சமயம், "குழந்த அழலியே, ஏன் அழல?" என்று கேட்பாள். அதைக் கேட்டால் என் கை தானாக வயிற்றுக்குப் போகும். உள்ளே அசைகிறதா என்று பார்ப்பேன். அசையும்வரை மூச்சு விட மாட்டேன். அத்தை உள்ளேயிருந்து, "அங்க உக்காந்துக்கினு இன்னாத்தக் கேக்கிற? எழுந்து முன்னால போ," என்று அதட்டுவார். போக மாட்டேன். எழுந்து போன நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்?

அத்தை துவைக்கிற வேகத்துக்கு எங்கள் கிணற்றில் தண்ணீர் போதவில்லை. விரிப்பு, துணி, தன் சேலை என்று நாளெல்லாம் கொதிக்க வைத்துத் துவைத்தார். வாளி தரையில் உரசுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. இன்னா பண்றது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் பின்பக்கத்துச் சுவர் ஓரமாக இரண்டு தவலை நிறையத் தண்ணீர் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி. நர்ஸம்மா தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறவள். என்னைப் பார்த்ததும், "எங்க கெணத்துல ஜாஸ்தியா ஊறுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்தடுத்த நாட்களில் வேறு பெண்களும் வந்தார்கள். வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல், ஆனால் கொஞ்சம் நின்று காது கொடுத்துவிட்டுப் போவார்கள்.

டாக்டர் ஐஸ் கிடைத்தால் நல்லது என்றார். தலையில் வைத்தால் மூளைக்கு ஜுரம் ஏறாது. ஆம்பூரில் ஐஸுக்கு எங்கே போவது? அப்போதுதான் ஒரு பிற்பகல் திரை போட்ட ஜட்கா வண்டி ஒன்று எங்கள் சந்தில் வந்து நின்றது. தோல் ஷாப் முதலாளி வீட்டு அம்மா. கோஷாவில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிறவர், எங்கள் தெருப்பக்கம் வந்ததே கிடையாது. நல்ல மிருதுவான பழைய வேட்டிகளைக் கிழித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது நர்ஸம்மாதான் பார்த்தாளாம்.

"என் பொண்ணும் பசங்களும் இன்னிக்கி இருக்காங்கன்னா இவங்களாலதான். இன்னா வோணும் சொல்லு, கூச்சப்படாத," என்றார்.

"ஐஸ் வோணுமாம், அம்மா," என்றேன். நிலாவைப் பிடித்துக் கொடு என்று கேட்டதுபோல இருந்தது எனக்கே.

அவர் ஏற்பாட்டில் மறுநாள் முதல் பட்டணத்திலிருந்து ரயிலில் ஐஸ் வந்தது. மரத்தூளில் புதைத்து, கோணி சுற்றி வரும். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு ஓடிவருவார். முதுகெல்லாம் நனைந்திருக்கும். ரயில் தாமதமானால் பாதி கரைந்திருக்கும். ஒரு நாள் ரயில் வெகுநேரம் வரவேயில்லை. அவர் ஸ்டேஷனிலேயே நின்றார், நான் வாசலில் நின்றேன். அத்தை உள்ளேயிருந்து, "வந்துட்டானா, வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் வந்தது ஒரு தேங்காய் அளவுதான். அதையும் அத்தை துணியில் முடிந்து அவள் நெற்றியில் வைத்தார்.

லுங்கி விற்க வந்த நெசவாளி யாரோ குடியாத்தத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். நர்ஸம்மாவின் அம்மா வந்தாள். மெலிந்த, நிறம் மங்கின பெண்பிள்ளை. கையில் ஒரு தூக்கில் ரசம் சோறு. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தாள். படுத்திருக்கிற மகளைக் கதவிலிருந்து பார்த்தாள். கன்னம் ஒட்டி, உதடு கறுத்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள் நர்ஸம்மா. அம்மா குரலைக் கேட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, சோறு," என்றாள். "பசிக்குதும்மா. இவங்க சோறே போட மாட்றாங்க."

பெற்றவள் அப்படியே எங்கள் பக்கம் திரும்பினாள். "பட்டினி போட்டுக் கொல்றீங்களா எம் பொண்ண? கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?"

தூக்கைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அத்தை குறுக்கே நின்றார். அவள் தள்ளினாள். அத்தை நகரவில்லை. உள்ளே நர்ஸம்மா பாயில் கையை அடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். எனக்கு மனசு இளகிவிட்டது. ஒரு வாய் கொடுத்தால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. சாகிறவளாக இருந்தால் பசியோடு சாகவேண்டுமா என்றும் தோன்றியது.

அத்தை சொன்னார்: "புத்தி தெளிவா இருந்தப்போ அவளே சொன்னா, குடுக்காதன்னு. என் கையில சத்தியம் வாங்கினா. இப்போ சோறு கேக்கறது அவ இல்ல. ஜொரம் கேக்குது. ஜொரத்துக்கு நான் சோறு போட மாட்டேன்."

பெற்றவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரல் இறங்கி, "அத வெளிய வெச்சிட்டு, கையக் கழுவிக்கினு உள்ள வா. எனக்கும் முடியல. ரெண்டு பேரா பாத்துக்கலாம்," என்றார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் மாறி மாறி இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கால் ஜில்லென்று ஆகிவிட்டது. பிதற்றலும் நின்றுபோனது. அத்தை வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்பின் பார்த்திராத முகம். "ஜொரம் எறங்குதா, உசுரு எறங்குதா, தெரியலடி," என்றார். என் வீட்டுக்காரர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். டாக்டர் வந்து நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தார். சூடான செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வைக்கச் சொன்னார். சுவருக்கு அந்தப்பக்கம் தெருப் பெண்கள் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல். ஆனால் அவளுடைய பழைய குரல்.

"இந்தத் துணியெல்லாம் கொதிக்க வெச்சீங்களா?"

அத்தை எழுந்து நின்றார். "உன் ஆணையா வெச்சேன்டி," என்றார். அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. ஜுரம் விட்ட பிறகுதான் ஆபத்து ஜாஸ்தி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குக் கோரப் பசி. ஆனால் இப்போது அவளே பல்லைக் கடித்துக்கொண்டு கஞ்சித் தண்ணீரைக் குடித்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டாக்டர் ஒரு நாள் குழைந்த சோறு கொடுக்கலாம் என்று சொன்னார். அந்தச் செய்தி எப்படிப் போயிற்றோ, பாதித் தெரு பின்பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. தண்ணீர் சுமந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, பெற்றவள் ஒரு பிடி சோற்றை ரசத்தில் கரைத்து ஊட்டினாள்.

"இன்னா, கூத்துப் பாக்க வந்தாப்ல நிக்கிறீங்க?" என்று வெட்கப்பட்டாள் நர்ஸம்மா.

எதிர்வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள். "நீ எத்தன பேரு வீட்ல வந்து நின்ன? ஒரு தரம் நாங்க வந்து நிக்கக் கூடாதா?"

அவள் விழுங்கிவிட்டாள். எல்லாரும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலி வரவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. அப்புறம்தான் நான் சாப்பிட்டேன்.

எனக்கு வலி கண்டபோது நர்ஸம்மாவால் இன்னும் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்தாள். முடி கொட்டி மொட்டையான தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நிழல் விழுந்தாலும் நான் செத்தேன் என்று நினைத்தேன். "தல கீழதான் இருக்கு," என்றாள். பலம் வேண்டிய இடத்தில் அத்தையின் கை, அறிவு வேண்டிய இடத்தில் அவள் கை. பெண் குழந்தை. பிறந்து கொஞ்ச நேரம் அழவில்லை. அவள் அதன் வாயில் விரலை விட்டு எதையோ எடுத்தாள், தலைகீழாகப் பிடித்தாள், உள்ளங்காலில் தட்டினாள். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிறகு அழுதது.

நர்ஸம்மாவின் அம்மா குடியாத்தத்துக்குத் திரும்பினாள். போகும்போது, "உங்கப்பன் கிட்ட நான் பேசிக்கிறேன்," என்று மட்டும் சொன்னாள். அவர் வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் அம்மா வந்துபோவதை யாரும் தடுக்கவில்லை.

டிஸ்பென்சரிக்கு அவள் திரும்பிப் போக ஆரம்பித்த புதிதில், ஒரு காலையில் பாலாற்றுக்கு அந்தப்பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு நேற்றிலிருந்து வலியாம். அத்தை வாசலை மறித்து நின்றார்.

"இவளுக்கே இன்னும் உடம்பு தேறல. வேற யாரையாவது பாரு."

"வேற யாரும்மா இருக்காங்க?" என்றான் அவன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நர்ஸம்மா அதற்குள் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "போய்ட்டு வர்றேன். நேரமாச்சின்னா தேடாதீங்க," என்றாள். அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் கொதித்து ஆறின தண்ணீரும், துணியில் கட்டின இட்லியும் எடுத்துவந்தார். வண்டிக்காரனை நகரச் சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் அவரே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னா பாக்கிற? ஏறு," என்றார் அவளைப் பார்த்து. "பெட்டிய இப்படிக் குடு."

வண்டி தோல் ஷாப்களைத் தாண்டி, தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை காயப்போட்டிருக்கிற மேட்டில் திரும்பும்வரை குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பேரும் புழுதியோடு வந்து இறங்கினார்கள். "ஆம்பளப் புள்ள," என்றார் அத்தை, தானே பெற்றதுபோல. இரண்டு பேரும் நேரே கிணற்றடிக்குப் போனார்கள். நான் வெந்நீர் விளாவ எழுந்தேன்.